தணிகாசலத்தின் வலது கால்

தணிகாசலம் சாருக்கு இடுப்பு நரம்பில் கோளாறு என்பது டாக்டருக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் சி பிளாக்குக்குத் தெரியும். மூன்றாவது மாடிக்காரர் படி இறங்கும் சத்தம் தரைத்தளத்தில் இருக்கிற எனக்குக் கேட்காமல் வேறு யாருக்குக் கேட்கும்? தட், தட் என்று சமமாக இறங்கிக்கொண்டிருந்த மனிதர், அந்தத் தை மாதத்திலிருந்து தட், சர்ர், தட், சர்ர் என்று ஒரு காலைப் போட்டு ஒரு காலை இழுக்க ஆரம்பித்தார். நான் ஒன்றும் வேவு பார்க்கவில்லை. கதவு திறந்திருந்தது, காதும் திறந்திருந்தது.

கொரட்டூரில் இப்போது காய்கறி வானத்திலிருந்து பால்கனியில் இறங்குகிறது. வாசலில் பெருக்குவதற்கு ஆமை மாதிரி ஓர் இயந்திரம் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் எங்கள் பிளாக்கின் லிஃப்ட் மட்டும் அன்றும் இன்றும் ஒரே மாதிரி. இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் தணிகாசலம் சாரின் வலி எல்லோருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது. பின்பக்கத்தில் கிளம்பி, தொடைக்குப் பின்னால் இறங்கி, குதிகால் வரைக்கும் மின்சாரம் பாய்வதுபோல ஓடுகிறதாம். வாழ்நாளெல்லாம் மின்வாரிய ஆபீசில் உட்கார்ந்தே இருந்தவர். நாற்காலி வாரியத்துடையது, வலி மட்டும் இவருடையது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். முடக்கத்தான் கீரையில் தோசை சுட்டுக் கொடுத்தது நான்தான். வெந்நீர்ப் பை, இடுப்புப் பெல்ட், கால்களுக்கு நடுவே தலையணை, தரையில் மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்கு இழுக்கிற பயிற்சி, எல்லாவற்றையும் செய்தார். எல்லாம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு வலி வீட்டுக்காரன் மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. மனைவி சுகுணா போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளை வெளிநாட்டில். வலிக்கிறது என்று சொல்வதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லை.

அப்போதுதான் புது வைத்தியம் வந்தது. துணைக்கு நான் போனேன். அந்த ஆஸ்பத்திரி எப்படி இருக்கிறது என்று எனக்கும் பார்க்கவேண்டியிருந்தது.

அங்கே ரெஹானா என்று ஒரு பெண். நரம்புப் பதிவுப் பிரிவில் வேலை. பேச்சில் பொறுமை இருந்தது.

"வலிக்காதேன்னு நரம்புகிட்ட சொன்னா அது கேக்காது, சார். அதுக்குப் பதிலா வேற சேதி ஒண்ணு குடுக்கணும். உங்க கால் நல்லா இருந்த காலத்துல என்ன சேதி சொல்லிச்சோ, அதையே இடுப்புல பதிக்கிற இந்தச் சின்ன வில்லை திரும்பத் திரும்ப ஓட்டும். மூளை வலியை விட்டுட்டு அதைக் கேக்கும்."

"அந்தக் காலத்துச் சேதிக்கு நான் எங்க போறது?" என்று கேட்டார் இவர்.

"உங்க பேர்ல ஒரு வருஷத்துப் பதிவு இருக்கே, சார். வலது கெண்டைக்கால்ல கட்டுற பட்டை. அது உங்களோடதுதானே?"

தணிகாசலம் சார் ஒரு கணம் யோசித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். நான் கூரையில் சுழலாத மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்தப் பட்டைக் கதையைச் சொல்லவேண்டும்.

முப்பது வருஷத்துக்கு முந்தைய கொரட்டூரை இப்போது நினைத்தால் யாரோ சொன்ன ஊர் மாதிரி இருக்கிறது. எல்லோர் கையிலும் ஒரு செல்போன், அதைக் கண்ணாடி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே நடப்போம். சாப்பாடு கொண்டுவருகிற பையன்கள் ஹெல்மெட்டோடு வந்து எது சி பிளாக் என்று கேட்பார்கள். கேட்பதற்கு மனிதர்கள் இருந்தார்கள், சொல்வதற்கு நான் இருந்தேன். தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு நின்று ஊர்க்கதை முழுவதும் பேசி முடிப்போம். அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனி எங்கள் நலச்சங்கத்தைப் பிடித்தது. நடையையும் நரம்பையும் படிக்கிற பட்டையை வீட்டுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தது. ஒரு வருஷம் கட்டிக்கொண்டு நடக்கவேண்டும். அதிகம் நடந்தவருக்கு ஒரு கிரைண்டர் பரிசு.

என் பட்டை என் காலிலேயேதான் இருந்தது. செய்தி சேகரிக்க நடக்காமல் முடியுமா? தணிகாசலம் சார் அப்படி இல்லை. எனக்கு உட்கார்ந்த வேலை, நீ கட்டிக்கொள் என்று முதல் நாளே சுகுணாவிடம் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனார். சுகுணாவுக்கு நடப்பது என்றாலே ஆகாது. அவள் அதைத் தேசம்மாவின் காலில் கட்டிவிட்டாள்.

தேசம்மா எங்கள் பிளாக்கில் படி கழுவி, வீடுகளில் பாத்திரம் தேய்த்து, மொட்டை மாடியில் துணி காயப்போட்ட பெண். சூரியன் விழித்ததிலிருந்து அவள் கால் நின்று நான் பார்த்ததில்லை. விஷயம் தெரிந்து பி பிளாக் வக்கீலும் தன் பட்டையை அவளிடம் கொடுத்தார். இரண்டாம் மாடி டியூஷன் டீச்சரும் கொடுத்தார். வலது காலில் மூன்று பட்டை, வளையல் அடுக்கின மாதிரி. வருஷக் கடைசியில் மூன்று பேர் ஓர் அடி கூடக் குறையாமல் முதலிடத்தில் வந்து நின்றார்கள். சங்கத் தலைவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று பேரும் வானத்தைப் பார்த்தார்கள். கடைசியில் சீட்டுக் குலுக்கி கிரைண்டர் தணிகாசலம் வீட்டுக்குப் போயிற்று. மறு வாரமே சுகுணா அதைத் தேசம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று கணவரிடம் சொன்னாள். அது ரிப்பேரிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆக, ஆஸ்பத்திரியில் இவர் தலையாட்டினபோது மனதில் ஓடியது என்னவென்று எனக்குத் தெரியும். பட்டை சுகுணா காலில் இருந்தது, பெண்டாட்டி கால் தன் கால் அல்லாமல் வேறு யாருடையது என்ற கணக்கு. அது தேசம்மாவின் கால் என்று தெரிந்த ஆள் அந்த அறையில் நான் ஒருத்திதான். என்னை யாரும் கேட்கவில்லை.

வில்லையை இடுப்பில் பதித்து அனுப்பினார்கள். வலி நின்றது. படியில் மறுபடியும் தட், தட். ஒரு வாரம் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்த மனிதர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வலது கால் இரண்டாவது விரலை யாரோ வளையம் போட்டுப் பிடித்திருப்பதுபோல் இருக்கிறதாம். பார்த்தால் ஒன்றும் இல்லையாம். தினமும் காலையில் எட்டு மணிவாக்கில் கெண்டைக்காலில் ஏதோ ஜில்லென்று ஊர்கிறதாம், கூசுகிறதாம். ரெஹானாவிடம் சொன்னாராம். கூசுவது பதிவு தொடங்குகிற இடத்துக் கரகரப்பு, ஒவ்வொரு நாள் பதிவிலும் அந்தத் துண்டை வெட்டிவிடலாம் என்று வெட்டிவிட்டாளாம். விரல் வளையம் மட்டும் பதிவு முழுக்க இருப்பதால் எடுக்க முடியவில்லையாம்.

"மெட்டி" என்றேன். வாயைக் கட்டிப் பழக்கமில்லை.

அவர் முகம் மாறியதைப் பார்க்கவேண்டுமே. "சுகுணா" என்றார், என்னிடம் இல்லை, தரையைப் பார்த்து.

சுகுணா மெட்டி போட்டு நான் பார்த்ததில்லை. அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கே அது நினைவில்லையென்றால் கீழ்வீட்டுக்காரி நான் எதற்கு எடுத்துக் கொடுக்கவேண்டும்? என் வாழ்நாளில் நாக்கு நுனிவரை வந்த ஒன்றைச் சொல்லாமல் விழுங்கியது அதுதான் முதல் தடவை. நெஞ்சில் மாத்திரை சிக்கின மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து மனிதர் ஆளே மாறிப்போனார். அந்தப் பதிவு காலைக்குக் காலை, மாலைக்கு மாலை என்று நேரம் பிசகாமல் ஓடும். அப்போதுதான் நரம்பு நம்புமாம். காலையில் பதிவு தொடங்கியதும் உள்ளங்காலில் ஈரம் தெரியும். சுகுணா வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள் என்று எனக்கு வந்து சொல்வார். அது தேசம்மா மூன்று மாடிப் படியையும் கழுவுகிற ஈரம். உச்சி வெயிலில் பாதம் சுடும். மொட்டை மாடியில் வடகம் காயப்போடுகிறாள் என்பார். அது ஊரார் துணியைத் தேசம்மா உதறிக் கொடியில் போடுகிற சூடு. பதினொரு மணிக்குக் கால் ஓய்ந்து மடங்கி உட்காரும். அது மட்டும் உண்மையிலேயே எங்கள் நேரம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுகுணாவும் நானும் தேசம்மாவும் டீ தம்ளரோடு படியில் உட்கார்ந்து ஒரு வீடு விடாமல் பேசித் தீர்த்த நேரம்.

மனைவி இருந்தவரை அவளோடு தெருமுனை வரைக்கும் நடந்ததில்லை. இப்போது தினமும் சாயங்காலம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போனார். யாராவது கூட வருகிறேன் என்றால் வேண்டாம், ஆள் இருக்கிறது என்றார். உள்ளே நுழையுமுன் வலது பாதத்தை இடது கெண்டைக்காலில் இரண்டு தரம் தேய்த்துக்கொள்கிற பழக்கமும் ஒட்டிக்கொண்டது. பூஜை அறைக்குள் போகுமுன் சுகுணா பாதத்தைத் துடைத்துக்கொள்வாள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஆடி மாதத்தில் ஒருநாள் தேசம்மா என் வாசலில் வந்து நின்றாள்.

பல வருஷம் முன்பே அவர்கள் இருந்த இடத்தைக் காலிசெய்து, ஊருக்கு வெளியே எங்கோ அடுக்குமாடிக் கட்டடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வலது காலைக் கையால் தூக்கி வைத்து என் வீட்டுப் படி ஏறினாள். உட்காரச் சொன்னால் உட்கார முடியவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடியே டீ குடித்தாள்.

"இடுப்புலேர்ந்து குதிகால் வரிக்கும் கரண்டு அடிக்குதும்மா. ஒக்காந்தா எந்திரிக்க முடியல, எந்திரிச்சா ஒக்கார முடியல. பெரியாஸ்பத்திரில கேட்டா, பழைய பதிவு இருந்தா இலவசமா வச்சி வுடறோம், இல்லாங்காட்டி வெந்நி ஒத்தடம் குடுத்துக்கோன்றாங்கோ."

காலித் தம்ளரை அவளிடமிருந்து வாங்கி வைத்தேன்.

"நான் ஒரு வருசம் கட்டினு இருந்தேனே, கோமளாம்மா. மூணு பட்டை. அதெல்லாம் எங்க?"

அவள் பேரில் ஒன்றும் இல்லை. ஏனென்றால் அவளுக்கென்று யாரும் பட்டை கொடுக்கவில்லை. வீட்டுக்கு ஒன்றுதானே கொடுத்தார்கள், அவள் எந்த வீட்டுக் கணக்கிலும் வரவில்லை. நடந்தது முழுக்க அவள், பெயர் மூன்றும் வேறு.

ரெஹானாவுக்குப் போன் போட்டு, ஊர் பேர் சொல்லாமல் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். ஒரே பதிவை இரண்டு பேருக்கு வைக்கலாமே என்றேன். முடியாதாம். இந்த வைத்தியம் ஆஸ்பத்திரிக்கு வருமுன்பே பணக்காரர்கள் ஓட்டக்காரப் பிள்ளைகளின் கால் பதிவை விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. ஒரு பதிவு, ஒரு உடம்பு. பதிவு யார் பேரில் இருக்கிறதோ அவரே வந்து உட்கார்ந்து, இது என்னுடையது இல்லை என்று சொன்னால்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தினால் உரியவருக்குப் போய்விடும். அதுவரை வைத்திருந்தவரின் வில்லையை அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். ஏழைகளின் காலைக் காப்பாற்றப் போட்ட சட்டம்தான்.

வக்கீல் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரோடு பதிவும் அழிந்தது. டியூஷன் டீச்சர் கனடாவில் இருக்கிறார். அவருக்கு நீளமாக விவரம் எழுதினேன். பதிலுக்கு இரண்டு கைகூப்பும் படம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மிச்சம் இருந்தது மூன்றாவது மாடி.

அவரை நான் கீழே கூட்டிவருகிறேன் என்றேன். தேசம்மா கேட்கவில்லை. நான் கழுவின படி, நான் ஏறுகிறேன் என்று கைப்பிடியைப் பிடித்தாள். நின்று நின்று ஏறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாங்கள் உட்காருகிற இடத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் பின்னாலேயே ஏறினேன். போகிற வழியெல்லாம் அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். எதையும் தங்குதடையில்லாமல் சொல்கிறவளுக்கு அன்றைக்கு ஒரு வாக்கியம் உருப்படியாக வரவில்லை.

தேவைப்படவும் இல்லை. சத்தம் கேட்டு அவர் கதவைத் திறந்தார். அவரைப் பார்த்துக் கும்பிட்ட தேசம்மா, உள்ளே கால் வைக்குமுன் பழைய வழக்கப்படி வலது பாதத்தைத் தூக்கி, வலியில் முகம் சுளித்துக்கொண்டே, இடது கெண்டைக்காலில் இரண்டு தரம் தேய்த்தாள். படி கழுவின ஈரம் வீட்டுத் தரையில் படக்கூடாது என்று அந்த நாளில் பழகினது.

தணிகாசலம் சார் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது விரலில் தேய்ந்துபோன மெட்டி.

"உள்ள வா, தேசம்மா" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"சுகுணா மெட்டி போட மாட்டா, கோமளாம்மா. விரல் வீங்குதுன்னு கல்யாணமான வருஷமே கழட்டிட்டா. பீரோல இருக்கு."

"இது உங்களுக்கு எப்ப ஞாபகம் வந்தது?"

"நீங்க மெட்டின்னு சொன்ன அன்னிக்கு ராத்திரியே."

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு ஒன்றும் நினைவில்லை என்று மாதக்கணக்கில் மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தது நான். "அப்புறம் ஏன் சார்?" என்றேன்.

"சாயங்காலம் சட்டை மாத்திட்டு வெளிய போறதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

தேசம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னோம். அவளுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். தன் கால் இங்கே ஏரிக்கரையில் உலாப் போய்க்கொண்டிருக்க, தான் இரண்டு பஸ் மாறி வலியோடு வந்தது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் காலு நல்லா நடக்குதா சார்?" என்றாள்.

"ரொம்ப நல்லா நடக்குது."

"குடுத்துட்டா உனுக்கு வலிக்குமே."

"வலிக்கட்டும். அது ஒண்ணுதான் என்னோடது."

அடுத்த வாரம் மூன்று பேரும் போனோம். ரெஹானா இரண்டு பேர் காலையும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதபடி தேசம்மாவின் காலோடு பொருந்தியது. முதலிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாமே சார் என்று மட்டும் கேட்டாள். வில்லையை நிறுத்தினதும் தணிகாசலம் சார் நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தார். தேசம்மாவுக்கு உரிய பதிவை வெட்டாமல் குறைக்காமல் முழுசாகத் தரவேண்டும் என்பது விதி, அப்படியே வைத்துவிடுகிறேன் என்றாள் ரெஹானா. அதை அப்போது நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்த நாளிலிருந்து படியில் மறுபடியும் தட், சர்ர். வெந்நீர்ப் பை, தலையணை, முடக்கத்தான் தோசை எல்லாம் பழையபடி. சாயங்கால நடை நின்றது. சலவைச் சட்டை கொடியிலேயே தொங்கியது. வலி வந்துவிட்டது என்பதைவிட வீடு காலியாகிவிட்டது என்பதுபோல் இருந்தார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தேசம்மா வந்தாள். நடையைப் பார்க்கவேண்டும். முப்பது வருஷம் கழற்றி எறிந்துவிட்டு வந்த மாதிரி மூன்று மாடியையும் ஏறினாள். நான்தான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"எல்லாம் வருது சார்" என்றாள், சின்னப் பெண் மாதிரி. "படி கழுவற ஈரம், மாடி சூடு, பதினோரு மணி டீ, எல்லாம். ஆனா மொத மொத இன்னா வருது தெரியுமா? காலைல எட்டு மணிக்கு ரெண்டு வெரலு வருது. கெண்டைக்கால்ல, பட்டைக்கும் தோலுக்கும் நடுவுல நொழைஞ்சி பாக்குது. இறுக்கமா இருக்கான்னு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சுகுணாம்மாதான் தெனம் கட்டி வுடுவாங்கோ. நானே கட்டிக்கிறேம்மான்னா வுட மாட்டாங்கோ. இறுக்கமா கட்டினா ரத்தம் கட்டிக்கும், நீ நாளெல்லாம் நிக்கிறவன்னுட்டு, ரெண்டு வெரலை வுட்டுப் பாத்துட்டுத்தான் அனுப்புவாங்கோ."

எட்டு மணிக்குக் கெண்டைக்காலில் ஜில்லென்று ஊர்கிறது, கூசுகிறது என்று இவர் புகார் சொல்லி வெட்டச்சொன்ன துண்டு. அந்தக் காலில் சுகுணாவைத் தேடி ஏரிக்கரை முழுக்க நடந்தவர், அவள் வந்த ஒரே இடத்தைக் கரகரப்பு என்று கழித்துவிட்டார். அதை நான் நினைத்த அதே நேரத்தில் அவரும் நினைத்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

பிறகு அவர் கேட்டார்.

"கை எப்படி இருக்கு, தேசம்மா?"

"ஜில்லுனு சார். பாத்திரத்தைப் போட்டுட்டு அப்டியே ஓடியார்ற கை. ஈரம்."

அவர் தலையாட்டினார். தேசம்மா கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூன்றாவது மாடியில் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். அதனால் தேசம்மாவின் குரல் படிக்கட்டு வழியாக எல்லா மாடிக்கும் இறங்கி வந்தது.

"வந்துட்டாங்கோ சார்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள். பிறகு கதவு திறந்தது. சலவைச் சட்டையின் வாசனை முன்னால் வர, தட், சர்ர், தட், சர்ர் என்று அவர் இறங்கி வந்தார். என்னைப் பார்த்து, டாக்டர் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றார். எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

இன்றைக்கும் தினம் அடிக்கிறது அந்தப் போன். முதல் சில நாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எட்டு மணி ஆனால் என் கதவைச் சாத்திவிடுகிறேன்.

சாத்தினாலும் கேட்கத்தான் செய்கிறது.